மால்குடிக்கு ஒரு டிக்கெட்!

ஞாயிற்றுக்கிழமை காலை. கையில் ரிமோட். ஒரு சேனலில் பூனை எலியைத் துரத்துகிறது. அடுத்ததில் ஒரு ரோபோ கட்டடத்தை இடித்துத் தள்ளுகிறது. அதற்கடுத்ததில் யாரோ யாரையோ மிரட்டுகிறார்கள். மாற்றிக்கொண்டே போகிறீர்கள். திடீரென்று ஒரு சேனலில், ஓட்டு வீடுகள், மழையில் நனைந்த தெரு, தோளில் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு பள்ளிக்கு ஓடும் ஒரு பையன்...

''அய்யே, பழசு!''

அடுத்த நொடி சேனல் மாறிவிடுகிறது. சரிதானே குட்டீஸ்?

கொஞ்சம் நில்லுங்கள். நீங்கள் தள்ளிவிட்டுப் போன அந்தப் பழைய தொடரின் பெயர் 'மால்குடி டேஸ்'. அதில் பறக்கும் வீரர்கள் கிடையாது. மந்திரவாதி கிடையாது. ஆனால் நீங்கள் இருக்கிறீர்கள்! எப்படி என்று கேட்கிறீர்களா? வாருங்கள், மால்குடிக்குப் போய்ப் பார்க்கலாம்.

இல்லாத ஊர்!

முதலில் ஒரு விஷயம். வரைபடத்தில் எவ்வளவு தேடினாலும் மால்குடி கிடைக்காது. அது எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் மனதிலேயே கட்டிய ஊர்.

அவர் பெயரில் உள்ள 'ஆர்' என்ற எழுத்து எதைக் குறிக்கிறது தெரியுமா? ராசிபுரம்! ஆமாம், நம் நாமக்கல் மாவட்டத்து ராசிபுரம்தான். 1906-ல் சென்னையில் பிறந்து, பாட்டியிடம் வளர்ந்தவர் நாராயண். பிறகு மைசூரில் குடியேறினார். 1930-ல் ஒரு விஜயதசமி நாளில் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து எழுத உட்கார்ந்தார். அப்போது அவர் மனக்கண்ணில் முதலில் வந்து நின்றது ஒரு சின்ன ரயில் நிலையம். அதன் பெயர்ப் பலகையில் இருந்த பெயர்தான் மால்குடி.

அந்த ஊரில் சுவாமிநாதன் என்ற பையனை உலவ விட்டார். வீட்டிலும் பள்ளியிலும் அவன் 'சுவாமி'. 1935-ல் வெளிவந்த அவருடைய முதல் நாவலே சுவாமியையும் அவன் நண்பர்களையும் பற்றியதுதான்.

சுமார் ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, முப்பதைத் தாண்டிய ஓர் இளைஞருக்கு இந்தக் கதைகளைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவரும் வேலை கிடைத்தது. அவர்தான் கன்னட நடிகரும் இயக்குனருமான சங்கர் நாக். இல்லாத ஊரை எங்கே போய்ப் படம் எடுப்பது? கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில், மலைக்காட்டுக்கு நடுவே இருக்கும் ஆகும்பே கிராமத்தைத் தேர்ந்தெடுத்தார். மழை கொட்டித் தீர்க்கும் ஊர் அது. 'தென்னாட்டுச் சிரபுஞ்சி' என்றே அதற்குப் பெயர். அங்கே உள்ள மிகப் பழைய பெரிய வீடு ஒன்றில் பல காட்சிகளை எடுத்தார்கள். ரயில் நிலையமாக மாறியது அதே மாவட்டத்தில் உள்ள அரசாளு என்ற சின்ன ஸ்டேஷன். இப்போது அங்கே ஒரு 'மால்குடி' அருங்காட்சியகமே இருக்கிறது!

தொடரின் ஆரம்பத்தில் வரும் கோட்டோவியங்களை வரைந்தவர் ஆர்.கே. லட்சுமண். கார்ட்டூன்களில் 'சாமானிய மனிதரை' வரைந்து புகழ்பெற்ற அவர், நாராயணின் சொந்தத் தம்பி. அண்ணன் எழுத, தம்பி வரைய, இசை அமைத்தவர் எல்.வைத்தியநாதன். சுவாமியாக நடித்தவர் மாஸ்டர் மஞ்சுநாத். கண்டிப்பான அப்பாவாக வந்தவர் நாடக ஆசிரியர் கிரீஷ் கர்னாட்.

சுவாமி வீரன்தானா?

முதல் கதையைக் கேளுங்கள். செய்தித்தாளில், புலியோடு போராடிய ஒரு சிறுவனைப் பற்றி அப்பா படிக்கிறார். ''தைரியம் இருந்தால் போதும், எதையும் செய்யலாம்'' என்கிறார். சுவாமி நம்பவில்லை. சும்மா இருந்திருக்கலாம். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்கிறான்.

''அப்படியா? உனக்குத் தைரியம் இருக்கிறதா என்று பார்க்கலாம். இன்று ராத்திரி என் ஆபீஸ் அறையில் தனியாகப் படுத்துக்கொள்!''

தினமும் பாட்டி பக்கத்தில் ஒட்டிக்கொண்டு தூங்கும் பையன் அவன். கெஞ்சுகிறான், அம்மாவைத் துணைக்கு இழுக்கிறான். ஒன்றும் பலிக்கவில்லை. இருட்டறை. பல்லி நகர்ந்தாலும் பேய் போலத் தோன்றுகிறது. பயத்தில் பெஞ்சுக்கு அடியில் சுருண்டு படுக்கிறான். நடுராத்திரியில் ஏதோ ஓர் உருவம் நகர்ந்து வருகிறது! அப்புறம் சுவாமி என்ன செய்தான் தெரியுமா? அதைச் சொன்னால் அடிக்க வருவீர்கள். நீங்களே பாருங்கள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். மறுநாள் ஊரே சுவாமியை வீரன் என்கிறது. ஆனால் அவன் எவ்வளவு பெரிய வீரன் என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும்! நமக்கும் அப்படி நடந்ததுண்டு இல்லையா? பயந்து நடுங்கிக்கொண்டே செய்ததைப் பார்த்து, 'சமர்த்து' என்று யாரோ முதுகில் தட்டியிருப்பார்கள்.

பரிசாக ஒரு ரோடு இன்ஜின்

சுவாமியின் கதைகள் மட்டும்தானா? இல்லை. மால்குடித் தெருவில் நடக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு கதை உண்டு.

பொருட்காட்சியில் ஒருவருக்குப் பரிசு விழுகிறது. என்ன பரிசு? சாலை போடும் பெரிய ரோடு இன்ஜின்! வீட்டுக்கு எப்படிக் கொண்டுபோவது? எங்கே நிறுத்துவது? ''இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது, வாடகை கொடு'' என்கிறது நகராட்சி. பாவம், பரிசு வாங்கியவர் அதை இழுக்கக் கோயில் யானையைக் கூப்பிடும் அளவுக்குப் போய்விடுகிறார். வயிறு குலுங்கச் சிரிப்பீர்கள்.

இன்னொரு கதையில் ஒரு தபால்காரர் வருகிறார். கடிதத்தைக் கொடுத்துவிட்டு ஓடுகிறவர் அல்ல. ஒவ்வொரு வீட்டின் நல்லது கெட்டதிலும் பங்கு கொள்கிறவர். ஒரு வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம். அதே நேரத்தில் அந்த வீட்டுக்கு ஒரு துக்கச் செய்தி வருகிறது. கொடுத்தால் கல்யாணம் நின்றுவிடும். கொடுக்காமல் வைத்துக்கொண்டால் கடமையில் தவறியதாகும். நீங்கள் அந்தத் தபால்காரராக இருந்தால் என்ன செய்வீர்கள்?

லீலாவின் தோழன்

எல்லாவற்றையும் விட, எனக்கு மறக்க முடியாத கதை ஒன்று உண்டு. லீலா ஐந்து வயதுச் சிறுமி. அவள் வீட்டுக்கு வேலை கேட்டு வருகிறான் சித்தா. பந்தை மேலே எறிந்து பிடித்து, ''இந்தப் பந்து நிலாவைத் தொட்டுவிட்டு வந்தது!'' என்கிறான். லீலா நம்பிவிடுகிறாள். எழுதப் படிக்கத் தெரியாத அவனுக்கு லீலா டீச்சராகிப் பாடம் நடத்துகிறாள். இருவரும் இணைபிரியாத தோழர்கள்.

ஒருநாள் லீலாவின் தங்கச் சங்கிலி காணாமல் போகிறது. சித்தாவும் காணவில்லை. போலீஸ் வருகிறது. அவன் முன்பு திருடி ஜெயிலுக்குப் போனவன் என்று தெரிகிறது. அவ்வளவுதான்... சங்கிலியை எடுத்தது அவன்தான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். ''சித்தா எடுக்கவில்லை!'' என்று கத்துகிறாள் லீலா. ஐந்து வயதுக் குழந்தையின் பேச்சை யார் கேட்பார்கள்?

பிறகு ஒருநாள் அந்தச் சங்கிலி வீட்டுக்குள்ளேயே கிடைக்கிறது. எங்கே என்று சொல்ல மாட்டேன். அதன்பிறகு பெரியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதைக் கவனமாகக் கேளுங்கள். அவர்கள் சொன்னது நியாயமா? ஒருமுறை தப்பு செய்தவன் என்றைக்கும் தப்பே செய்வானா? உங்கள் வகுப்பிலும் பென்சில் பாக்ஸ் காணாமல் போனால், உடனே எல்லோரும் ஒரே பையனைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள் இல்லையா?

இதுதான் 'மால்குடி டேஸ்' செய்யும் வேலை. 'இதனால் அறியும் நீதி' என்று கடைசியில் யாரும் வந்து சொல்வதில்லை. இவர் நல்லவர், இவர் கெட்டவர் என்று முத்திரை குத்துவதும் இல்லை. கதையைச் சொல்லிவிட்டு, ''நீ என்ன நினைக்கிறாய்?'' என்று நம்மிடமே விட்டுவிடுகிறது. 'குழந்தைகளுக்கு யோசிக்கத் தெரியும்' என்று நம்புகிற தொடர் இது. நம்மை இவ்வளவு மதிக்கும் நிகழ்ச்சிகள் எத்தனை இருக்கின்றன, சொல்லுங்கள்?

ஏன் மறந்தோம்?

இந்தத் தொடர் தூர்தர்ஷனில் 1986-87ல் வந்தது. 1987-ல் 'ராமாயணம்', 1988-ல் 'மகாபாரதம்' என்று பிரம்மாண்டமான தொடர்கள் வரிசையாக வந்தன. அம்பும் தேரும் கிரீடமும் மின்னிய திரையில், அரைக்கால் சட்டைப் பையனின் கதை சற்றே பின்னால் போய்விட்டது. ரசித்தவர்கள் மறக்கவில்லை, ஆனால் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லவும் இல்லை.

சங்கர் நாக் இயக்கியவை 39 பகுதிகள். இன்னும் எத்தனையோ செய்திருப்பார். ஆனால் 1990 செப்டம்பர் 30 அன்று ஒரு கார் விபத்தில் இறந்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 35 தான். பிறகு 2006-ல் கவிதா லங்கேஷ் இயக்கத்தில் மேலும் 15 பகுதிகள் வந்தன.

''எனக்கு ஹிந்தி தெரியாதே!'' என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். முதல் 13 பகுதிகள் ஆங்கிலத்திலும் எடுக்கப்பட்டவை. அவற்றிலிருந்து ஆரம்பியுங்கள். புரியாத இடத்தில் அண்ணனையோ அக்காவையோ கேளுங்கள். சுவாமி திருதிருவென முழிப்பதைப் புரிந்துகொள்ள எந்த மொழியும் தேவையில்லை!

ஒரு பகுதி அரை மணி நேரம்கூட ஓடாது. ஆனால் ஒரு நிபந்தனை குட்டீஸ்... தனியாகப் பார்க்காதீர்கள். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஐந்து நிமிடம் மெதுவாகப் போவது போல இருக்கும். பொறுமையாக இருங்கள். முடிந்ததும் டி.வி.யை அணைத்துவிட்டு, ''நீங்களா இருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?'' என்று கேளுங்கள். பெரியவர்கள் தலையைச் சொறிவதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும்! அப்படியே அவர்கள் சின்ன வயதில் இருட்டுக்குப் பயந்த கதையும் வெளியே வரும்.

மால்குடி ஸ்டேஷனில் ரயில் நிற்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை ஏறிக்கொள்கிறீர்களா?