உங்களுக்குத் தெரியுமா? நேயர் விருப்பம் முதல் பிளேலிஸ்ட் வரை

♦ பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர் நம் குன்றத்தூர். அந்த நூலில் வரும் 63 நாயன்மார்களில் ஒருவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். திருஞானசம்பந்தரோடு ஊர் ஊராகப் போய், அவர் பதிகங்களை யாழில் வாசித்தவர். இன்று குன்றத்தூரில் பல்லாவரம் பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகள், பிடித்த பாட்டை ஒரே லிங்க்கில் ஊருக்கே அனுப்பிவிடுகிறார்கள்.

♦ இலங்கை வானொலிக்கும், 1957-ல் தொடங்கிய விவித் பாரதிக்கும் நேயர்கள் தபால் அட்டையில் பாட்டு கேட்டு எழுதுவார்கள். விரும்பிக் கேட்டவர்களின் பெயரும் ஊரும் வாசிக்கப்படும். பாட்டைவிடத் தன் பெயருக்காகக் காத்திருந்தவர்களும் உண்டு!

♦ கேசட் காலத்துப் பிளேலிஸ்ட் எது? ரெக்கார்டிங் கடையில் எழுதிக் கொடுத்த பாட்டு லிஸ்ட்தான். 60 அல்லது 90 நிமிடக் காலி கேசட்டில் பதிந்து தருவார்கள். அது கை மாறி, தெரு மாறி, சில சமயம் திரும்பி வராமலே போகும்.

♦ 2002-ல் பிரிட்டனில் பிறந்தது லாஸ்ட் எஃப்எம் என்ற இசைத் தளம். நீங்கள் கேட்ட பாட்டுகளைக் குறித்துவைத்து, அதே ரசனை உள்ள முகம் தெரியாதவர்களை 'அக்கம்பக்கத்தார்' என்று காட்டியது.

♦ ஆப்பிள் நிறுவனம் 2010-ல் ஐடியூன்ஸுக்குள் 'பிங்' என்ற இசை நட்பு வலையைத் தொடங்கியது. கூட்டம் சேரவில்லை. 2012-ல் மூடிவிட்டார்கள்.

♦ பாட்டுக்கு அடியிலேயே கருத்து எழுத இடம் தந்த 'ரெஸ்ஸோ' செயலி 2020-ல் இந்தியாவுக்கு வந்தது. 2024 ஜனவரியோடு இங்கே அதன் கடையும் கட்டப்பட்டது.

♦ ஸ்வீடனில் உருவான இசைச் செயலி ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தது 2019 பிப்ரவரியில். அதில் 'பிளெண்ட்' இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவர்களின் ரசனையைக் கலந்து ஒரே பட்டியலாக்கும். 2023-ல் வந்த 'ஜாம்' வசதியில் 32 பேர் வரை சேர்ந்து ஒரே பாட்டை ஒரே நேரத்தில் கேட்கலாம்.

♦ திங்கட்கிழமைதோறும் ஸ்பாட்டிஃபை தரும் புதுப் பாட்டுப் பட்டியலுக்குப் பின்னால் மற்ற நேயர்களும் இருக்கிறார்கள். உங்களுக்குப் பிடித்த பாட்டுகளோடு அவர்கள் எவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் பரிந்துரைக்கிறது. ரகசியமாகக் கேட்க ஆசையா? 'பிரைவேட் செஷன்' போட்டுக்கொள்ளுங்கள்.

♦ ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 30 விநாடி ஓடினால்தான் கணக்கில் ஏறும். 2024 முதல், 12 மாதத்தில் 1,000 முறையாவது ஓடாத பாட்டுக்கு ஒலிப்பதிவுக்கான பணம் கிடையாது. புதுப் பாடகருக்கு ஒவ்வொரு காதும் கணக்கு. அடுத்த முறை யாராவது லிங்க் அனுப்பினால், கட்டைவிரல் மட்டும் காட்டிவிட்டு நகராதீர்கள். அரை நிமிடமாவது கேளுங்கள். பிடித்தால் இன்னொருவருக்கு அனுப்புங்கள்.