திரையில் 37.5, முட்டைக்குள் எவ்வளவு?

ஒரு தெர்மோகோல் பெட்டி, இரண்டு குண்டு பல்பு, ஒரு சின்ன கம்ப்யூட்டர் ஃபேன், சிவப்பு எழுத்தில் வெப்பநிலை காட்டும் கண்ட்ரோலர். நாட்டுக்கோழி வளர்க்கும் பலர் வீட்டில் இன்று இப்படியொரு இன்குபேட்டர் இருக்கிறது. 21 நாள் கழித்துப் பெட்டியைத் திறந்தால் சிலருக்குக் கூடை நிறையக் குஞ்சுகள். சிலருக்குப் பாதிகூடத் தேறுவதில்லை. பொரியாத முட்டையை உடைத்துப் பார்த்தால், முழுதாக வளர்ந்த குஞ்சு ஓட்டுக்குள்ளேயே செத்துக் கிடக்கும்.

சேவல் சரியில்லை, முட்டை பழசு என்று காரணம் சொல்வார்கள். கரு கூடாத கூமுட்டைக்கு அது பொருந்தும். கடைசி வாரம்வரை வளர்ந்துவிட்டு இறந்த குஞ்சுக்குச் சேவலைக் குறை சொல்லிப் பயனில்லை. அங்கே முதலில் சந்தேகப்பட வேண்டியது வெப்பத்தைத்தான். ‘மூன்று வாரமும் 37.5 டிகிரியைத் தாண்டவே இல்லையே’ என்பார்கள். திரை காட்டியது சென்சார் தொட்டுக்கொண்டிருந்த காற்றின் வெப்பத்தை. கரு வளர்வது முட்டைக்குள். இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசம்தான் பெரும்பாலான நஷ்டத்துக்குக் காரணம்.

அடைக்கோழியைக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கவனித்தால் நிறைய விளங்கும். அதன் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். அடைக்கு உட்காரும் காலத்தில் நெஞ்சுக்கு அடியில் இறகு உதிர்ந்து, ரத்த ஓட்டம் மிகுந்த வெறும் தோல் வெளியே தெரியும். அந்தத் தோல்தான் முட்டையின் மேல்பக்கத்தைத் தொடுகிறது. அடிப்பக்கம் வைக்கோலின் குளிர்ச்சியில் இருக்கும். அவ்வப்போது மூக்கால் முட்டையைப் புரட்டிவிட்டு, ஓரத்தில் கிடப்பதை நடுவுக்கு இழுத்துக்கொள்ளும். தினமும் இரை எடுக்க எழுந்து போகும். அந்தக் கால் மணி, இருபது நிமிடத்தில் முட்டை ஆறும். அதனால் கருவுக்கு ஒன்றும் ஆவதில்லை.

முட்டை ஆறிப்போவது கோழிக்கூட்டில் அன்றாடம் நடப்பது, அதைத் தாங்கக் கரு பழகியிருக்கிறது. முட்டை முழுவதும் தாயின் உடம்பளவுக்குச் சூடாகும் சந்தர்ப்பம் கூட்டில் கிடையாது. அதைத் தாங்கும் வழியும் கருவிடம் இல்லை. பெட்டி 35 டிகிரிக்கு இறங்கி மூன்று நான்கு மணி நேரம் கிடந்தால் வளர்ச்சி சற்று மந்தமாகும், அவ்வளவுதான். 40.5 டிகிரியில் கால் மணி நேரம் ஓடினாலே கருவுக்குக் கடும் பாதிப்பு. சூடு ஏற ஏறக் கருவின் பிராணவாயுத் தேவை கூடும். ஓட்டிலுள்ள நுண்துளைகளோ அதற்கேற்பப் பெரிதாவதில்லை. இரண்டாம் நாளிலேயே துடிக்கத் தொடங்கிவிடும் இதயத்தின் மேல்தான் அந்தச் சுமை விழுகிறது.

குஞ்சுகளைப் பார்த்தே எந்தப் பக்கம் தவறியது என்று சொல்லிவிடலாம். 19, 20-ஆம் நாளிலேயே அவசரமாக ஓடு உடைத்து, தொப்புள் ஆறாமல், மஞ்சள் கரு முழுக்க உள்ளிழுக்கப்படாமல், விரல் கோணி வந்தால் சூடு அதிகம். 22, 23-ஆம் நாள் இழுத்துக்கொண்டு, வயிறு உப்பி, கால் ஊன்ற முடியாமல் வந்தால் சூடு போதவில்லை.

இந்தப் பிரச்சினைக்கு நீண்ட வரலாறு உண்டு. எகிப்தில் மண்செங்கல் அடுப்பறைகளில் ஆயிரக்கணக்கில் குஞ்சு பொரித்தவர்கள், முட்டையை மூடிய கண்ணிமையில் ஒற்றிச் சூடு பார்த்தார்கள். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொர்னேலிஸ் டிரெபெல் என்ற டச்சுக்காரர், குஞ்சு பொரிக்கும் அடுப்புக்காக ஒரு தானியங்கி ஏற்பாடு செய்தார். சூடு ஏறினால் குழாயிலுள்ள சாராயம் விரிந்து பாதரசத்தைத் தள்ளும். பாதரசம் ஒரு தண்டை உயர்த்தும். தண்டு அடுப்பின் காற்று வழியை மூடும். தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் இயந்திரங்களின் வரலாற்றில் இது முன்வரிசையில் நிற்கிறது. வீட்டு ஏசியிலும் ஃப்ரிட்ஜிலும் இருக்கும் தெர்மோஸ்டாட்டின் மூதாதை முட்டைக்காகப் பிறந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

இனி நம் பெட்டிக்கு வருவோம். ஃபேன் ஓடும் பெட்டியில் காற்று கலந்துகொண்டே இருப்பதால் எல்லா மூலையிலும் ஏறத்தாழ ஒரே சூடு, அங்கே 37.5 சரி. ஃபேன் இல்லாத பெட்டியில் சூடான காற்று மேலே நிற்கும், அடியில் குளிர்ச்சி தங்கும். அதில் முட்டையின் மேல்மட்டத்தில் அளந்தால் 38.3 முதல் 38.9 வரை இருக்க வேண்டும். அப்போதுதான் முட்டைக்குச் சராசரியாக வேண்டிய சூடு சேரும். ஃபேன் பெட்டிக்கான கணக்கை ஃபேன் இல்லாத பெட்டிக்கு வைப்பதும், அதைத் திருப்பி வைப்பதும் அடிக்கடி நடக்கும் தவறு. ஒரு சின்ன ஃபேன் வாங்கிப் போட்டுவிடுங்கள் என்பதே என் யோசனை.

சென்சாரை முட்டையின் உயரத்தில், பல்பின் வெளிச்சம் நேரே படாத இடத்தில் கட்டுங்கள். வெளிச்சம் பட்டால் அது காற்றை விடுத்துப் பல்பின் சூட்டைச் சொல்லும். மலிவான சென்சார்கள் ஒரு டிகிரிவரை கூடக் குறையக் காட்டுவது சாதாரணம். சரிபார்க்கத் தனிக் கருவி வேண்டாம். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் நமக்கு வேண்டிய இடத்தில்தான் துல்லியமாக அளக்கிறது. ஒரு பாத்திரத்தில் 38 டிகிரி அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, சென்சாரின் முனையையும் தெர்மாமீட்டரின் முனையையும் சேர்த்து மூழ்கவிட்டு இரண்டையும் ஒப்பிடுங்கள். டபிள்யூ 1209 போன்ற போர்டுகளில் வித்தியாசத்தைத் திருத்த பி4 என்ற அமைப்பு இருக்கிறது.

அதே போர்டில் பி1-ஐயும் பாருங்கள். கடையிலிருந்து வரும்போது அது பெரும்பாலும் 2 டிகிரியில் இருக்கும். அதாவது பல்பு அணைந்த பிறகு 2 டிகிரி இறங்கினால்தான் மறுபடி எரியும். அதை 0.2, 0.3-க்குக் குறைக்க வேண்டும். முட்டையில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் காற்றின் சின்னச் சின்ன ஏற்ற இறக்கம் உள்ளே எட்டாது. ஒரு நிமிடம் 37.9 காட்டியதே என்று பதறிப் பெட்டியைத் திறப்பதால்தான் கெடுதல்.

பல்பு விஷயத்தில் பெரியது நல்லது என்று நினைக்கக் கூடாது. கண்ட்ரோலரின் ரிலே ஒட்டிக்கொண்டால் பல்பு அணையாமல் எரியும். நூறு வாட் பல்பு ஓர் இரவில் எல்லா முட்டையையும் அவித்துவிடும். பெட்டியைச் சூடாக வைக்க எவ்வளவு தேவையோ அதை ஒட்டியே வாட் இருக்கட்டும். ஒன்று ஃப்யூஸ் போனாலும் மற்றது எரியும்படி இரண்டு சிறிய பல்புகள் போடுவது உத்தமம். எல்இடி பல்பு இதற்கு உதவாது. அது மிகக் குறைவான சூட்டையே தரும். பல்பு தெர்மோகோலைத் தொடக் கூடாது, 230 வோல்ட் ஓடும் முனைகள் திறந்து கிடக்கக் கூடாது.

முதல் பத்து நாளுக்குக் கரு வெளியிலிருந்து சூட்டை வாங்குகிறது. அதன் பிறகு வளர வளரத் தானே சூட்டை வெளிவிடத் தொடங்கும். கடைசி வாரத்தில் முட்டை, சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக இருக்கும். பெட்டி நிறைய முட்டை இருந்தால் இது இன்னும் கூடும். 18-ஆம் நாள் முட்டை திருப்புவதை நிறுத்தும்போது வெப்பத்தை 37.2-க்கு இறக்குவது இதனால்தான். ஈரப்பதம் அதுவரை 50 முதல் 55 சதவீதம், அதன் பிறகு 65-க்கு மேல்.

கரன்ட் போனால் முட்டையைத் தூக்கி எறியாதீர்கள். பெட்டியைத் திறக்காமல் மேலே ஒரு போர்வையைப் போர்த்துங்கள், காற்றுத் துளைகளை மட்டும் விட்டுவிடுங்கள். பல மணி நேரம் ஆறிக் கிடந்த முட்டையும் பொரிந்திருக்கிறது. நாலைந்து நாள் கழித்து இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்து, கரு வளர்ந்திருக்கிறதா என்று தெரிந்துகொண்டு முடிவெடுக்கலாம்.

நம் ஊரில் கரன்ட் கட்டைவிட எனக்குக் கவலை தருவது கத்திரி வெயில். இந்தப் பெட்டிக்குச் சூடாக்கத் தெரியும், குளிர வைக்கத் தெரியாது. வேலூரிலும் கரூரிலும் மே மாதம் 40 டிகிரி தாண்டும் மதியத்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இருக்கும் பெட்டியில் பல்பு அணைந்தே கிடந்தாலும் சூடு ஏறிக்கொண்டே போகும். கண்ட்ரோலர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கும். அதற்கு மேல் அதனால் ஆகாது.

முட்டை சேர்த்து வைப்பதிலும் இதே சங்கடம். ஏறத்தாழ 20, 21 டிகிரிக்கு மேல் கரு முழுதாக உறங்குவதில்லை. கோடையில் சமையலறைக் கூடையில் கிடக்கும் முட்டைக்குள் கரு அரைகுறையாக வளர்ந்து, பெட்டிக்குப் போகும் முன்பே செத்துவிடும். ஈர மணல் மேல் வைத்த மண்பானையில் முட்டை சேர்க்கும் பழக்கம் நம் கிராமங்களில் உண்டு. அதைக் கைவிட வேண்டாம். கோடையில் மூன்று நான்கு நாளுக்கு மேல் சேர்க்கவும் வேண்டாம்.

வீட்டிலேயே குளிர்ச்சியான, வெயில் படாத தரைத்தள அறையைப் பெட்டிக்குக் கொடுங்கள். அப்படி ஓர் அறை இல்லையென்றால் ஏப்ரல், மே மாதங்களில் அடை வைக்காதீர்கள். எந்தப் பருவமானாலும் ஒரு முழு நாள், இரவும் பகலும், வெறும் பெட்டியை ஓடவிட்டு, நடுமதியத்திலும் விடியற்காலையிலும் முட்டை மட்டத்தில் என்ன சூடு என்று குறித்துப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தப் பெட்டி இன்னும் தயாராகவில்லை. முட்டை வைக்க வேண்டாம்.