எழுதியாயிற்று என்ற பதிலுக்குப் பின்னால்

ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டமொன்றின் அலுவலகத்தில் கொழுந்து நிறுவைக் கணக்கைப் பதிந்து, பதுளையிலுள்ள சேவையகத்தில் சேமிப்பதாக வைத்துக்கொள்வோம். கணினி லினக்ஸில் இயங்கினால், பதியும் ஒவ்வொரு வரியும் அந்தக் கணமே பதுளைக்குப் போவதில்லை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அதை, பெரும்பாலான கணினிகளில் 4096 பைட் அளவுள்ள பக்கங்களாக, நினைவகத்தில் வைத்துக்கொண்டு 'எழுதியாயிற்று' என்று பதில் சொல்லிவிடும். கோப்பை மூடும்போதோ, மென்பொருள் வற்புறுத்திக் கேட்கும்போதோ, வழக்கமான அமைப்பில் 30 விநாடி கடந்த பின்னரோதான் பெரும்பாலும் அந்தப் பக்கங்களை அனுப்பும். மந்தமான இணைப்பிலும் வேலை தடைப்படாமல் நடப்பது இதனால்தான். ஆனால் இணைப்பு நடுவில் அறுந்தால், கூலிக்கு ஆதாரமான கிலோக்கணக்கு யாருக்கும் தெரியாமல் தொலையலாம்.

இந்த ஆபத்து வெறும் ஊகமல்ல. வட்டில் எழுதுவது ஒருமுறை தோற்றபின், மீண்டும் கேட்டால் லினக்ஸ் 'வெற்றி' என்று சொல்லக்கூடும் என்பதை போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தை உருவாக்குவோர் 2018இல் கண்டு அதிர்ந்தார்கள். பக்கங்களைப் பூட்டுவது, சேவையகம் ஏற்கும் அளவுக்குப் பிரிப்பது, பாதியில் தோற்றதை மீண்டும் அனுப்புவது, பிழையை உரியவரிடம் சேர்ப்பது என்று வலையமைப்பில் வேலை இன்னும் கூடுகிறது. ஏஎஃப்எஸ், சிஐஎஃப்எஸ், 9பி ஆகிய வலையமைப்புக் கோப்பு முறைமைகள் நெடுங்காலம் இதைத் தனித்தனி நிரலால் செய்துவந்தன. ஒன்றில் திருத்திய பிழை மற்றதில் அப்படியே கிடக்க இடமிருந்தது. கெர்னல் நிரலாளர் டேவிட் ஹவல்ஸ் முன்னெடுத்த நெட்எஃப்எஸ் என்ற பொது நூலகம் 2021இல் வாசிப்புப் பணியுடன் கெர்னலுக்குள் வந்தது; 2024இல் வெளியான 6.8, 6.10 பதிப்புகளின் வழியே இம்மூன்றின் எழுத்துப் பணியும் அதற்கு மாறியது.

ஓடுகிற நிரலை ஏன் கலைக்க வேண்டும், பொது நூலகத்தில் ஒரு பிழை புகுந்தால் எல்லோரையும் தாக்காதா என்று கேட்பதில் நியாயமுண்டு. மாற்றத்தின் பின் பிழைகள் தலைகாட்டின, திருத்தங்களும் தொடர்ந்தன. ஆனாலும் பொது இடத்துப் பிழை பல கண்ணில் படும், ஒரே திருத்தம் எல்லோருக்கும் போய்ச்சேரும். தனி நிரலின் பிழையோ அதைப் பராமரிக்கும் ஓரிருவரையே நம்பிக் கிடக்கும். பயனர் கண்ணில் எளிதில் படாத இந்த மறுசீரமைப்பு வீண் வேலையல்ல. சேமித்தேன் என்று நம்புகிறவரின் நம்பிக்கையைக் காப்பதே கெர்னலின் முதற்கடமை. அந்தக் கடமையைச் சரிபார்க்கக்கூடிய ஓரிடத்தில் வைப்பதுதான் இதன் பயன்.