எல்லைக்கோடும் இனக்குழுவும்: அரேபிய உட்பகுதியிற் பிரித்தானிய இராஜதந்திரம் (1915–1930)

அரேபியாவின் உட்பகுதி பற்றி எழுதப்பெற்ற நூல்களுட் பெரும்பாலானவை இருவகை விளக்கங்களுள் அடங்கிவிடுகின்றன. முதலாவது, பிரித்தானிய அதிகாரிகளும் பயணிகளும் விட்டுச்சென்ற குறிப்புகளின் வழி வருவது. பாலைவனத்து மாந்தர் இயல்பிலேயே நிலையற்றவர், கொள்ளையில் நாட்டமுடையவர் என்பது அதன் சாரம். மற்றையது அரசவை வரலாறு. அப்துல் அஸீஸ் இப்னு சவூத் என்னும் தனியொருவரின் வீரமும் மதிநுட்பமுமே சிதறிக்கிடந்த குலங்களை ஓரரசாக்கின என்று அது கூறும். முன்னையது குணத்தையும் பின்னையது தனிமனிதரையும் வரலாற்றின் காரணமாக்குகின்றன. மேய்ச்சல் நிலம், கிணறு, சந்தை, திறை ஆகியன இரண்டிலும் பின்னணிக் காட்சிகளாகவே நின்றுவிடுகின்றன. அப்பின்னணியையே முன்னிறுத்தி இக்காலப்பகுதியை நோக்குவது எமது நோக்கமாகும்.

1

நஜ்துப் பிரதேசத்து நாடோடிக் குலங்களின் வாழ்வு ஒட்டக வளர்ப்பினை அடிப்படையாகக் கொண்டது. மழையையும் புல்லையும் பின்தொடர்ந்து செல்லும் ஒவ்வொரு குலத்துக்கும் ‘தீரா’ எனப்பட்ட மரபுவழி மேய்ச்சற் புலமும், அதற்குரிய கிணறுகளும் இருந்தன. பேரீச்சம்பழம், அரிசி, துணி ஆகியவற்றுக்கு அவர்கள் நகரச் சந்தைகளையே நம்பியிருந்தனர். வலிய குலங்கள் மெலிய குலங்களிடமும் சோலைக் குடியிருப்புகளிடமும் ‘குவ்வா’ என்னும் காப்புப்பணம் பெற்றன. ‘கஸ்வ்’ எனப்பட்ட சூறையாடலும் இப்பொருளாதாரத்தின் ஓர் உறுப்பே. வறட்சியில் மந்தையிழந்த குலம் அதனை மீட்டுக்கொள்ளும் வழிகளுள் அதுவும் ஒன்றாயிருந்தது.

இத்தகைய சமுதாயத்தில் ஆட்சியதிகாரம் நிலத்தின்மீதன்றி மக்கள்மீதே செலுத்தப்பட்டது. எக்குலங்கள் ஓர் ஆட்சியாளருக்கு ஸக்காத் செலுத்தினவோ அக்குலங்கள் உலவிய பரப்பே அவரது நாடு. குலம் நகர்ந்தால் நாடும் நகர்ந்தது. கொடையளிக்கும் ஆற்றல் குன்றிய தலைவனைக் குலங்கள் கைவிட்டன. அதிகாரிகள் ‘நிலையின்மை’ எனக் கண்டது இவ்வுறவின் வெளிப்பாடேயாகும்.

2

1914 வரை பிரித்தானியரின் அக்கறை கரையோரத்துடன் நின்றது. குவைத்துடன் 1899 இற் செய்துகொண்ட இரகசிய உடன்படிக்கை அதற்குச் சான்று. 1902 இல் றியாத்தைக் கைப்பற்றிய இப்னு சவூத், 1913 இல் அல்ஹஸாவிலிருந்து துருக்கியரை வெளியேற்றிய பின்னரும், தம்முடன் ஒப்பந்தஞ் செய்யுமாறு விடுத்த வேண்டுகோள்களுக்கு உரிய பதில் கிடைக்கவில்லை. உலகப்போர் நிலைமையை மாற்றியது. துருக்கியரின் நண்பரான ஹாயில் இப்னு ரஷீதை எதிர்த்து 1915 ஜனவரியில் ஜராப் என்னுமிடத்தில் நடந்த போரில், இப்னு சவூதின் பக்கம் நின்ற பிரித்தானிய அதிகாரி கப்டன் ஷேக்ஸ்பியர் கொல்லப்பட்டார். அவ்வாண்டு டிசம்பர் 26 இல் சேர் பேர்சி கொக்ஸ் தாரீன் உடன்படிக்கையிற் கையொப்பமிட்டார். நஜ்தின் ஆட்சியாளராக இப்னு சவூத் ஏற்கப்பட்டார். பிற வல்லரசுகளுடன் தொடர்புகொள்ளும் உரிமையையும், நிலத்தைப் பிறர்க்குக் கையளிக்கும் உரிமையையும் இழந்தார். 1917 முதல் மாதந்தோறும் 5,000 பவுண் உதவித்தொகை வழங்கப்பட்டது.

இதே வேளையில் கெய்ரோவிலிருந்த அதிகாரிகள் மக்காவின் ஷரீப் ஹுஸைனுக்கு இதனினும் பன்மடங்கு பணம் வழங்கி வந்தனர். 1919 மே மாதத்தில் துரபாவில் ஹுஸைனின் மகன் அப்துல்லாவின் படையை இப்னு சவூதின் ஆதரவாளர் அழித்தபோது, பொருதிய இருதரப்பும் ஒரே பேரரசின் பணத்தைப் பெற்றவையாகவே இருந்தன.

இவ்விடத்து ஓர் உண்மை மனங்கொள்ளத்தக்கது. முன்னர் ஆட்சியாளரின் கொடை குலங்களிடமிருந்து வந்த செல்வத்திலிருந்தே பிறந்தது. குலம் விலகினால் கருவூலம் வற்றும். வெளியிலிருந்து வந்த பொன் இக்கட்டினைத் தளர்த்தியது. ஆட்சியாளர் தம் குலங்களை ஓரளவேனும் சாராது நிற்கத்தக்க நிலை அரும்பியது.

3

1910களில் இப்னு சவூதின் ஊக்குவிப்புடன் வளர்ந்த இஃக்வான் இயக்கம் நாடோடிகளை ஹிஜ்ரா எனப்பட்ட குடியிருப்புகளில் அமர்த்தியது. முதைர் குலத்தவரின் அர்தாவியா இவற்றுட் பெயர்பெற்றது. சூறையாடல் இப்போது மார்க்கப் போர் என்னும் வடிவம் பெற்றது. ஆயின் மேய்ச்சலை விட்டவர்களுக்கு மாற்று வாழ்வாதாரம் போதியதாக இருக்கவில்லை. படையெடுப்பு நிகழுமளவுமே கொள்ளைப்பொருள் அவ்விடைவெளியை நிரப்பிற்று. 1921 இல் ஹாயிலும், 1924–25 இல் ஹிஜாஸும் வீழ்ந்தன.

இதற்கிடையில் 1922 இன் இறுதியில் உகைர் துறைமுகத்திற் கூடிய மாநாட்டில், கொக்ஸ் நஜ்துக்கும் ஈராக்குக்கும் குவைத்துக்குமிடையே எல்லை வகுத்தார். கோட்டின்படியல்லாது குலங்களின்படி எல்லை அமையவேண்டுமென இப்னு சவூத் வாதிட்டதையும், கொக்ஸ் அதனை மறுத்துச் செம்பென்சிலால் வரைபடத்திற் கோடிட்டதையும் அங்கிருந்த டிக்சன் தம் நினைவுக்குறிப்பிற் பதிந்துள்ளார். நஜ்து கோரிய நிலத்தின் பெரும்பகுதி ஈராக்குக்குச் சென்றது. அதற்கீடாகக் குவைத்தின் பெரும்பகுதி நஜ்துக்கு அளிக்கப்பட்டது. மேய்ச்சலை முன்னிட்டு இரு நடுநிலை வலயங்கள் விடப்பட்டன. எல்லையருகிலுள்ள கிணறுகளிற் கோட்டை கட்டுதல் முதலான இராணுவச் செயல்கள் கூடாவென்றும் உடன்படிக்கை விதித்தது. குலத்தின் உரிமையைக் கோடு விழுங்கிய பின்னர் எஞ்சிய சிறு சலுகை இது.

4

இச்சலுகையும் நிலைக்கவில்லை. 1927 இல் ஈராக் அரசு புஸய்யாக் கிணறுகளருகே காவல்நிலையம் ஒன்றைக் கட்டலாயிற்று. எல்லையிலிருந்து அது தொலைவிலுள்ளது என்பது பிரித்தானியரின் வாதம். கோடையில் அக்கிணறுகளை நாடிய குலங்களுக்கோ தொலைவு ஒரு பொருட்டன்று, நீரே பொருட்டு. நவம்பரில் முதைர் குலத்தவர் அங்கிருந்த தொழிலாளரையும் காவலரையும் தாக்கிக் கொன்றனர். கொல்லப்பட்டவருட் கூலிக்கு வந்தோரும் அடங்குவர் என்பதை நாம் மறைப்பதற்கில்லை. பிரித்தானிய விமானங்கள் குண்டுவீசி மறுமொழி கூறின.

இப்னு சவூதின் நிலை இப்போது வேறு. யாத்திரிகர் வரியும் ஜித்தாவின் சுங்க வருமானமும் அவர் கைக்கு வந்துவிட்டன. 1927 மே மாத ஜித்தா உடன்படிக்கை அவரது முழுச் சுதந்திரத்தை ஏற்றிருந்தது. அரசை ஆக்கிய சூறையாடல் அரசுக்கே இடையூறாயிற்று. 1929 மார்ச்சில் சபிலாவில் அவரது இயந்திரத் துப்பாக்கிகள் இஃக்வான் படையை முறியடித்தன. உதைபாத் தலைவர் சுல்தான் இப்னு பிஜாத் சிறைப்பட்டார். மீண்டுங் கிளர்ந்த முதைர்த் தலைவர் பைஸல் அத்துவைஷ் 1930 ஜனவரியிற் குவைத் எல்லையிற் பிரித்தானியரிடஞ் சரணடைந்தார். அவர்கள் அவரை இப்னு சவூதிடம் ஒப்படைத்தனர். 1931 இல் அவர் சிறையில் இறந்தார்.

இஃக்வான்களை ஏகாதிபத்திய எதிர்ப்புப் போராளிகளாகச் சித்திரிப்பது பொருந்தாது. அவர்களது வாளுக்கு இரையானோருள் எளிய இடையரும் குடியானவரும் பலர். எனினும், எல்லைக்கோட்டினால் இழக்கப்பட்ட வாழ்வுரிமையை மார்க்க மொழியிலேயே அவர்களாற் பேசமுடிந்தது என்பதை உணராதவிடத்து, அக்கிளர்ச்சியை வெறும் மதவெறி எனத் தள்ளிவிடும் பிழைக்கு ஆளாவோம். கோட்டினை வரைந்த பேரரசும், அதனைத் தன் எல்லையாக ஏற்ற புதிய அரசும் குலத்தை அடக்குவதில் ஒன்றுபட்டன. 1933 இல் அமெரிக்கக் கம்பனியொன்றுக்குச் சவூதி அரேபியா எண்ணெய்ச் சலுகை வழங்கியபோது, வரையறுத்த நிலமும் அடங்கிய குலங்களும் ஏற்கெனவே ஆயத்தமாயிருந்தன. ஒட்டகங்களுக்கென விடப்பட்ட குவைத் நடுநிலை வலயத்தில் 1953 இல் எண்ணெய் கண்டறியப்பட்டது. அவ்வலயமும் பின்னர் இரு அரசுகளுக்குமிடையே கோடிட்டுப் பிரிக்கப்பட்டது.