கைப்பேசிக்கு அப்பால் நோக்கியா

பின்லாந்தில் 1865-ல் மரக்கூழ் ஆலையாகத் தொடங்கிய நோக்கியா, ஒரு காலத்தில் கைப்பேசி விற்பனையில் உலகின் முதலிடத்தில் இருந்தபோதிலும், 2014-ல் அத்தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்றுவிட்டது. ஆயினும் நிறுவனம் அழியவில்லை. கைப்பேசிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வலையமைப்புக் கருவிகளே அதன் முதன்மைத் தொழிலாயின. ஜி.எஸ்.எம். என்னும் கைப்பேசித் தொழில்நுட்ப முறையில் இயங்கும் வணிக வலையமைப்பின் முதல் அழைப்பு 1991 ஜூலை 1 அன்று பின்லாந்தில் நிகழ்ந்தபோது, அதற்கான கருவிகளை வழங்கியதும் நோக்கியாவே.

ஏர்டெல், ஜியோ போன்றவை மக்களுக்குச் சேவை வழங்கும் நிறுவனங்கள். அவற்றுக்குக் கருவிகளை விற்பவை நோக்கியா, எரிக்சன், சாம்சங் போன்றவை. ஒருவர் பேசத் தொடங்கியதும், அவருடைய கைப்பேசி அனுப்பும் வானொலி அலைகளைக் கோபுரத்திலுள்ள ஆன்டெனா வாங்குகிறது. அதனுடன் இணைந்த ரேடியோ அலகும், குறிகைகளைப் பிரித்துப் பிழை திருத்தும் கணிப்பு அலகும் சேர்ந்ததே தள நிலையம் எனப்படும். அங்கிருந்து பெரும்பாலும் ஒளியிழை வழியாக, அதாவது ஒளித்துடிப்புகளாகத் தகவலைக் கடத்தும் மெல்லிய கண்ணாடி இழை வழியாக, அழைப்பு மைய வலையமைப்பை அடைகிறது. சந்தாதாரர் யார் என்பதைச் சரிபார்த்து, அழைக்கப்பட்டவர் எந்தக் கோபுரத்தின் எல்லையில் இருக்கிறார் என்று கண்டறிந்து, இருவரையும் இணைப்பது இந்த மையத்தின் பணியாகும். பயணத்தின்போது பேச்சு அறுபடாமல் ஒரு கோபுரத்திலிருந்து அடுத்த கோபுரத்துக்கு மாற்றப்படுவதும் இக்கருவிகளின் ஒத்துழைப்பாலேயே நிகழ்கிறது.

இத்தகைய கருவிகளை உருவாக்க நெடுங்கால ஆராய்ச்சி தேவைப்படுவதால், இத்துறையில் நிலைத்திருக்கும் பெருநிறுவனங்கள் மிகச் சிலவே. 2016-ல் அல்காடெல்-லூசன்டை நோக்கியா கையகப்படுத்தியபோது, 1947-ல் டிரான்சிஸ்டர் பிறந்த பெல் ஆய்வகமும் அதனுடன் வந்து சேர்ந்தது.

கைப்பேசி, வலையமைப்புக் கருவி ஆகிய இரு தொழில்களின் வேறுபாடு தமிழகத்திலும் தெளிவாகத் தெரிந்தது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியாவின் கைப்பேசித் தொழிற்சாலை 2014-ல் மூடப்பட்டதால், ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். அதே வட்டாரத்தில் 2008-ல் அமைந்த வலையமைப்புக் கருவித் தொழிற்சாலையோ 4ஜி, 5ஜி கருவிகளைத் தயாரிக்கும் அளவுக்கு வளர்ந்தது.

கருவிகளை வழங்குவோர் சிலராகவே இருக்கும்போது, விலையும் பாதுகாப்பும் அவர்களைச் சார்ந்துவிடுகின்றன. இதனை உணர்ந்தே இந்தியா 1984-ல் சி-டாட் என்னும் தொலைத்தொடர்பு ஆய்வு மையத்தை நிறுவியது. பி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் 4ஜி வலையமைப்புக்கு உள்நாட்டுக் கருவிகள் தேர்ந்தெடுக்கப்பட்டதும் அந்த வழியில் வந்ததே. கருவிகளை இங்கே பொருத்தித் தருவதோடு நின்றுவிடாமல், அவற்றை வடிவமைக்கும் அறிவும் இந்நாட்டில் வேரூன்ற வேண்டும். தொலைத்தொடர்பில் ஒரு நாட்டின் தற்சார்பை முடிவு செய்வது அந்த அறிவே.