ஆட்டக்காரனோடு ஆடும் உடுப்பு

வானொலியில் உடுப்பைப் பற்றிப் பேசுவது சற்றுச் சிரமமான காரியம். கண்ணால் காண வேண்டியதைக் காதுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் கூத்துடுப்புக்கு ஓசையும் உண்டு. சதங்கை ஒலிக்கு அடியில், சுழன்று நிற்கும் துணியின் 'சர்'ரென்ற ஓசையைக் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். நான் முதலில் கேட்டது அந்த ஓசையைத்தான்.

எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். 1990ஆம் ஆண்டுக்கு முந்திய காலம். சாகாமத்தில் எங்களுக்கு ஒரு துண்டு வயல் இருந்தது. வாப்பா அக்கரைப்பற்றில் தையல் கடை வைத்திருந்தார். வேளாண்மை வெட்டுக் காலத்தில் கடையைப் பூட்டிவிட்டு வயலுக்கு வருவார். நானும் கூடவே தொற்றிக்கொள்வேன். அப்படி ஓர் இரவு, பக்கத்துத் தமிழ்க் கிராமத்தில் கூத்து அரங்கேற்றம் என்றார்கள். வாப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். வட்டக்களரியைச் சுற்றி நாலாபக்கமும் சனம். நடுவில் ஓர் அரசன் சுழன்றான். அவன் இடுப்பிலிருந்து ஒரு குடை விரிந்தது போலிருந்தது. மத்தளம் நின்றது, அரசன் நின்றான், குடையும் நின்றது. அது எப்படி அந்தக் கணத்திலேயே நின்றது என்பதே இன்றைய என் பேச்சின் பொருள்.

மட்டக்களப்புத் தமிழகத்தின் கூத்துகள் வடமோடி, தென்மோடி என இருவகைப்படும் என்பதை நேயர்கள் அறிவீர்கள். வடமோடி அரசர் அணிவது கனமான உடுப்பு. அதைக் கரப்புடுப்பு என்பார்கள். கோழியை மூடிவைக்கும் கரப்பு மேலே ஒடுங்கிக் கீழே விரிந்திருக்குமல்லவா? இடுப்பிலிருந்து கீழே அந்த வடிவில் விரிந்து நிற்பதால் அந்தப் பெயர். மார்பிலே கண்ணாடித் துண்டுகள் பதித்த மாருடுப்பு, தோளிலே புஜகீர்த்தி, தலையிலே கிரீடம், காலிலே சதங்கை. தென்மோடி உடுப்பு இவ்வளவு பாரமில்லாதது.

பிற்காலத்தில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் படிக்கப் போனேன். வாப்பாவுக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை. "தைக்கிறத்துக்குக் கெம்பசுக்கா மனே போகணும்? கடைக்குள்ள மெசின் சும்மாதானே கிடக்கு" என்றார். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 1962இல் கர்ணன் போர், 1964இல் இராவணேசன் என்று கூத்தைப் புதிதாக மேடையேற்றிய வரலாற்றை அங்கே படித்தோம். விடிய விடிய ஆடிய கூத்தை அவர் சில மணித்தியாலங்களுக்குள் சுருக்கினார். வட்டக்களரியிலிருந்து ஒருபக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். ஆட்டமும் பாட்டும் எவ்வாறு செப்பனிடப்பட்டன என்பது பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. உடுப்பை எவ்வாறு வெட்டித் தைப்பது என்பதை மட்டும் எந்தப் புத்தகத்திலும் நான் காணவில்லை.

2003ஆம் ஆண்டு, இறுதிப் பயிற்சிக்காக வடமோடி அரசனுக்கு ஓர் உடுப்பு வடிவமைத்துத் தைப்பதென்று தீர்மானித்தேன். தையற்காரன் மகன் என்ற பெருமிதம் வேறு. சிவப்பு வெல்வெட் எடுத்தேன். நான்கு அடி விட்டத்தில் இரும்புக் கம்பி வளையம் செய்தேன். விளிம்பைச் சுற்றி முந்நூறு கண்ணாடித் துண்டுகளைத் தைத்தேன். தையற் பொம்மையில் மாட்டியபோது பார்த்தவர்களெல்லாம் மெச்சினார்கள். நிறுத்துப் பார்த்தேன்; ஒன்பது கிலோ.

அதைத் தூக்கிக்கொண்டு, சாகாமத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருந்த வயதான அண்ணாவியார் ஒருவரிடம் போனேன். சிறுவயதில் நான் கண்ட அரங்கேற்றத்தை நடத்தியவர் அவர்தான். சமாதான காலமாகையால் போக்குவரத்துத் தடையில்லை. அவர் தம் பேரனுக்கு உடுப்பைக் கட்டிவிட்டு மத்தளத்தை மடியில் வைத்தார். பையன் ஒரு சுற்று ஆடித் தீர்மானத்தில் காலை ஊன்றி நின்றான். உடுப்பு நிற்கவில்லை. அது இன்னும் கால்வட்டம் சுழன்று, அவனையும் இழுத்துச் சரித்தது. அண்ணாவியார் சிரிக்கவில்லை.

"தம்பி, உடுப்பு வடிவாத்தான் இருக்கு. ஆனா ஆள் நிண்ட பிறகும் அது நிக்குதில்லையே" என்றார்.

ஏன் நிற்கவில்லை? இதற்கான காரணத்தைப் பாடசாலை விஞ்ஞானமே சொல்கிறது. சுழலும் பொருளின் பாரம் நடுவிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்கு அதைச் சுழற்றுவதும் நிறுத்துவதும் கடினம். அந்தக் கடினம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. ஒரு கண்ணாடித் துண்டு ஆட்டக்காரனின் நடுவிலிருந்து அரை அடியில் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். அதே துண்டை ஒன்றரை அடிக்குத் தள்ளினால் தூரம் மூன்று மடங்கு. அதைச் சுழற்றி நிறுத்த எடுக்கும் பாடு ஒன்பது மடங்கு. நானோ முந்நூறு துண்டுகளையும் விளிம்பிலேயே தைத்திருந்தேன். இரும்பு வளையமும் விளிம்பில். ஆட்டக்காரனுக்கு உடுப்புத் தைப்பதாக நினைத்து, அவனைச் சுற்றி ஒரு வண்டிச் சில்லைக் கட்டிவிட்டிருந்தேன்.

அண்ணாவியார் வீட்டுக்குள் போய் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து பழைய உடுப்பொன்றை எடுத்துவந்தார். என்னுடையதைவிட மங்கலானது. ஆனால் அதை உடுத்திய பேரன் நின்றபோது உடுப்பும் நின்றது. "பாரம் இடுப்போட நிக்கணும், மினுக்கம் விளிம்பில நிக்கணும். இதுதான் கணக்கு" என்றார் அவர். கண்ணாடிகள் மார்பிலும் இடுப்பிலும் மட்டும் இருந்தன. விளிம்பில் இருந்தது சரிகையும் மினுக்கக் கடதாசியும். அவற்றுக்குப் பாரமே இல்லை.

அந்தப் பழைய மாருடுப்பை இரவல் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வாப்பா அதைக் கையில் எடுத்து, வெளிப்பக்கத்தைப் பாராமல் உட்பக்கத்தைப் புரட்டினார். தையல் ஓட்டத்தை விரலால் தடவினார். "இது நான் தைச்சது" என்றார்.

நான் பேசாமல் நின்றேன். அண்ணாவியாரும் தாமும் வயற்பழக்கக்காரர் என்றும், அவர் கேட்டதற்காகக் கடை பூட்டிய பின் இரவில் தைத்துக் கொடுத்ததாகவும் வாப்பா சொன்னார். 1990இன் பின் இரு ஊருக்கும் இடையில் நடந்தவற்றை நேயர்கள் அறிவீர்கள். அதன் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அன்றிரவு என் வெல்வெட் உடுப்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "சட்டய மனிசன் சுமக்கப்படாது மனே. சட்ட மனிசனில இரிக்கணும்" என்றார். இருவரும் சேர்ந்து தைக்கத் தொடங்கினோம்.

இரண்டாம் உடுப்பின் கணக்கைச் சொல்கிறேன். தைக்க விரும்புவோருக்கு உதவும். இரும்புக்குப் பதிலாகப் பிரம்பு வளையங்கள் மூன்று. மேலிருந்து கீழாக விட்டம் 2 அடி, 2½ அடி, 3 அடி. மூன்றையும் ஒன்றோடொன்று எட்டு இடங்களில் நாடாவால் பிணைத்தோம். பிணைக்காவிட்டால் ஆட்டக்காரன் துள்ளும்போது வளையம் எழும்பி முழங்காலில் அடிக்கும். விட்டத்தை 22/7ஆல் பெருக்கினால் சுற்றளவு வரும். 3 அடி வளையத்துக்கு ஏறக்குறைய 9½ அடி. துணி சுருக்கு விழுந்து நிற்க அதைப்போல் இரண்டு மடங்கு, அதாவது 19 அடி நீளக் கீற்று வேண்டும். மூன்று வளையத்துக்கும் சேர்த்து 47 அடி. கீற்றின் அகலம் 12 அங்குலம். 36 அங்குல அகலத் துணியில் நீளவாக்கில் மூன்று கீற்று வெட்டலாம் என்பதால் ஐந்தேகால் யார் துணி போதும். வெல்வெட் வேண்டாமென்று வாப்பா சற்றின் எடுத்தார். உள்துணிக்கு மருதமுனைக் கைத்தறிப் பருத்தி. இரவு முழுவதும் வடியும் வியர்வையை அது குடிக்கும். இடுப்புக் கயிறு மட்டும் பாரத்தைத் தாங்கினால் வயிற்றை அறுக்கும். பாடுகிறவனுக்கு மூச்சு வாங்காது. ஆகவே மாருடுப்புக்குள் மறைவாக இரண்டு தோள்வார் வைத்துப் பாரத்தைத் தோளுக்கும் பகிர்ந்தோம். பொத்தான் ஒன்றும் இல்லை, எல்லாம் நாடா. தையலுக்குள்ளே இரண்டு அங்குலத் துணி மடித்து விட்டோம். நாளைக்கு இன்னொருவன் உடுத்தவேண்டி வரலாம். நிறுத்துப் பார்த்தால் ஐந்து கிலோ.

இன்னும் இரண்டு பாடங்களை அந்தப் பழைய உடுப்பே கற்றுத்தந்தது. ஒன்று, அதற்கு முதுகுப்புறம் என்று ஒன்று இல்லை. கடையில் தைக்கும் சட்டைக்கு முன்பக்கம்தான் முகம். படச்சட்ட மேடையிலும் அப்படியே; பின்புறத்தை ஊசியால் குத்திச் சமாளிக்கலாம். வட்டக்களரியிலோ எந்த நேரமும் யாரோ ஒருவர் ஆட்டக்காரனின் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்கும் அவன் அரசனாகவே தெரியவேண்டும்.

மற்றது வெளிச்சம். பந்தமும் பெற்றோமாக்ஸும் எரிந்த காலத்தில் உருவான அலங்காரம் இது. விளக்கொளியில் மஞ்சளும் சிவப்பும் கூட, நீலம் குறைவு. அந்த ஒளியில் சிவப்புத் துணி எரிவதுபோல் தெரியும், நீலத்துணி கறுத்துப்போகும். கண்ணாடியைச் சிறு துண்டுகளாக்கி, சற்றுத் தளர்வாகத் தைத்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்து, ஆள் அசையும்போது எல்லாப் பக்கமும் மினுங்கும். பெரிய துண்டைத் தட்டையாகப் பதித்தால் ஒரு பக்கத்தாரின் கண்ணைத்தான் கூசவைக்கும்.

உடுப்பு வெறும் அலங்காரமல்ல என்பதைப் பழைய நூலோரும் கண்டிருக்கிறார்கள். நாட்டிய சாத்திரம் அபிநயத்தை நான்காக வகுத்து, உடலசைவு, மொழி, மெய்ப்பாடு என்பவற்றோடு வேட ஒப்பனையையும் ஆகார்யம் என்ற பெயரில் ஒன்றாகச் சேர்த்தது. நம் கரையோரத்துக் காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலானந்தர், சேக்ஸ்பியரின் நாடகங்களையும் வடமொழித் தசரூபகத்தையும் தமிழருக்கு விளக்கிய மதங்க சூளாமணியை 1926இல் வெளியிட்டார். தமிழ்நாட்டின் வடபகுதிக் கூத்தில் மரக்கட்டையில் செதுக்கிய அணிகலன்களைப் பூணுகிறார்கள். கட்டைக்கூத்து என்ற பெயரே அதனால் வந்ததென்பர். கேரளத்துக் கதகளியில் பல துணிகளை இடுப்பில் அடுக்கிக் கட்டி உடுப்பை விரிக்கிறார்கள். ஜெர்மனியில் ஒஸ்கார் ஷ்லெம்மர் என்ற ஓவியர் 1922இல் 'திரியாதிக் பாலே' என்ற நடனத்தை மேடையேற்றினார். மூன்று ஆட்டக்காரர், பன்னிரண்டு ஆட்டம், பதினெட்டு உடுப்பு. உடுப்பின் வடிவமே எப்படி அசையலாம், எப்படி அசையக்கூடாது என்று ஆட்டக்காரருக்கு விதித்தது. அதைப் படித்தபோது, எங்கள் அண்ணாவியாருக்கு இது புதுச் செய்தியாக இராது என்றே நினைத்தேன்.

கூத்துப் பழகும் முறையிலும் இதற்கோர் இடமுண்டு. சட்டம் கொடுத்தல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம் என்பது ஒழுங்கு. ஆடுபவனுக்கு உடுப்பின் பாரம் கடைசி நேரத்தில்தான் தெரியவருகிறது. ஆதலால் நாங்கள் வெறும் பிரம்பு வளையங்களை மட்டும் முதலில் கட்டி, பேரனுக்கு இரண்டு வாரம் முன்பே பழக்கினோம். புது உடுப்போடு அவன் ஆடிய அன்று வாப்பாவும் வந்திருந்தார். மத்தளம் நின்றது, பையன் நின்றான், உடுப்பும் நின்றது. அண்ணாவியார் வாப்பாவைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

இதைச் சொல்லி முடித்திருப்பேன். ஆனால் 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை நம் கரையைத் தின்றது. அண்ணாவியாரின் தகரப் பெட்டி அப்போது திருக்கோவிலில் கடலோரத்தில் இருந்த அவர் மகள் வீட்டில் இருந்தது. மனிதர்கள் தப்பினார்கள், பெட்டி போய்விட்டது. வாப்பாவின் பழைய மாருடுப்பும் நாங்கள் தைத்த புது உடுப்பும் அதற்குள் இருந்தன. ஊரூராக மையித்துகளைத் தேடிக்கொண்டிருந்த நாட்களில் உடுப்பைப் பற்றி யார் பேசுவது? மாதங்கள் கழிந்த பின்னர்தான் அண்ணாவியார் கேட்டனுப்பினார்.

இரவல் வாங்கிய மாருடுப்பைத் திருப்பிக் கொடுக்குமுன், அதன் ஒவ்வொரு துண்டையும் மண்ணிறக் கடதாசியில் வைத்து வரைந்து, அளவும் தையல் ஓட்டமும் குறித்து வெட்டி வைத்திருந்தேன். பயிற்சிப் புள்ளிக்காகச் செய்த வேலை அது. அக்கரைப்பற்றுக் கடையில் துணி விரித்து, அந்தக் கடதாசி வெட்டை மேலே வைத்து, வாப்பாவே கத்தரிக்கோலைப் பிடித்தார்.

கூத்தின் பாட்டுகள் கொப்பியில் இருக்கின்றன. தாளம் ஒலிநாடாவில் இருக்கிறது. அண்ணாவிமாரின் பெயர்களை நூல்கள் சொல்கின்றன. உடுப்பின் வெட்டோ அதைத் தைத்தவரின் கையோடு போய்விடுகிறது; தைத்தவரின் பெயரும் அப்படியே. உங்கள் ஊரில் பழைய கூத்துடுப்பு ஒன்று பெட்டிக்குள் கிடந்தால், கறையான் முந்துவதற்குள் அதை எடுத்து விரியுங்கள். கடதாசி ஒன்றில் வைத்து வரையுங்கள். உட்பக்கத்தைப் புரட்டி, யார் தைத்தது என்று கேட்டு, அந்தப் பெயரையும் ஓரத்தில் எழுதி வையுங்கள்.