எண்பதிலும் ஒரு ஸ்டூடன்ட்!

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூர் ஹைவேஸ்ல போயிருக்கீங்களா? அவுட்டர் ரிங் ரோடு வந்து சேர்ற இடத்துல ஒரு ஊர் வரும்... நசரத்பேட்டை. காலேஜ் பஸ்ஸில் ஜன்னல் சீட் பிடிச்சு, தூங்கி வழிஞ்சுக்கிட்டே நம்மில் பல பேர் கடந்துபோற ஊர். 1963-ல் இருந்து 1967 வரைக்கும் தமிழக முதல்வரா இருந்த எம்.பக்தவத்சலம் பிறந்தது இங்கேதான்.

ஆனா, இந்தக் கட்டுரை அவரைப் பத்தி இல்லை. அவரோட மகளைப் பத்தி. பேரு, சரோஜினி வரதப்பன்.

'சி.எம். பொண்ணா... அப்புறம் என்ன கவலை?'னு நீங்க நினைக்கிறது புரியுது. கொஞ்சம் பொறுங்க பாஸ்!

சரோஜினி பிறந்தது 1921 செப்டம்பர் 21. அதே வருஷம்தான் சென்னை மாகாணத்துல பெண்களுக்கு முதன்முதலா ஓட்டு உரிமை கிடைச்சது. அதுவும் எல்லாருக்கும் இல்லை, சொத்துத் தகுதி இருக்கிறவங்களுக்கு மட்டும்! பெரிய குடும்பத்துப் பொண்ணா இருந்தாலும் அந்தக் காலத்து வழக்கம் விடுமா? லேடி வில்லிங்டன் ஸ்கூல்ல படிச்சவங்களோட படிப்பு பாதியிலேயே நின்னுபோச்சு. ஹிந்தி பிரசார சபா பரீட்சைகளை எழுதி 'விஷாரத்' வரைக்கும் போனாங்க. (பிராத்மிக், மத்யமாவோட எஸ்கேப் ஆன நமக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்!) 21 வயசுல கல்யாணம்.

இதோட கதை முடிஞ்சிருக்கணும். அந்தத் தலைமுறையில் லட்சக்கணக்கான பெண்களுக்கு அப்படித்தான் முடிஞ்சது.

இவங்க சேர்ந்தது 'விமன்ஸ் இந்தியன் அசோசியேஷன்' என்கிற இந்திய மாதர் சங்கத்துல. 1917-ல் அடையாறில் அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா சேர்ந்து ஆரம்பிச்ச அமைப்பு அது. பெண்களுக்கு ஓட்டு வேணும்னு முதல்ல குரல் கொடுத்தவங்க இவங்கதான். 1927-ல் சென்னை மாகாண சட்டசபையின் துணைத் தலைவரான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் இந்தச் சங்கத்தின் சார்பா உள்ளே போனவங்கதான். அப்படிப்பட்ட அமைப்புக்குத் தலைவியா ஒரு வருஷம், ரெண்டு வருஷம் இல்லை... பல பத்தாண்டுகள் உழைச்சாங்க சரோஜினி.

1965-ல் ஹிந்தி எதிர்ப்புப் போராட்டத்துல மாணவர்கள் ரோட்டுக்கு வந்தப்போ முதல்வரா இருந்தவர் பக்தவத்சலம். 1967 தேர்தல்ல ஆட்சியே மாறிடுச்சு. அப்பாவோட பதவி போச்சு, ஆனா, பொண்ணோட வேலை நிக்கலை. பதவியை நம்பி ஆரம்பிச்ச வேலையா இருந்தாத்தானே பதவியோட சேர்ந்து போறதுக்கு? 1973-ல் பத்மஸ்ரீ வந்தது. அப்பவும் 'போதும், உட்காருவோம்'னு அவங்களுக்குத் தோணலை.

இப்ப வருது கிளைமாக்ஸ்! பாதியில் நின்ன படிப்பைத் தூசி தட்டி எடுத்தாங்க. மைசூர் பல்கலைக்கழகத்துல தபால் வழியா அரசியல் அறிவியல் எம்.ஏ., அப்புறம் சென்னைப் பல்கலைக்கழகத்துல வைணவம் பத்தி இன்னொரு எம்.ஏ. அதுவும் பத்தாதுன்னு பிஹெச்.டி! அதை முடிச்சப்போ வயசு என்ன தெரியுமா? எண்பது!

ஆராய்ச்சித் தலைப்பு, சுவாமி நாராயண் இயக்கமும் சமூக சேவையும். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்துல குஜராத்துல உருவான ஆன்மிக இயக்கம் அது. பஞ்ச காலத்துல கஞ்சி ஊத்துறது, கிணறு வெட்டுறது, பெண் சிசுக் கொலையை எதிர்க்கிறதுன்னு நிறைய சேவை பண்ணின இயக்கம். அதாவது, வாழ்நாள் பூரா தான் கையால செஞ்ச வேலையைக் கடைசியில உட்கார்ந்து படிச்சுப் பார்த்திருக்காங்க!

யோசிச்சுப் பாருங்க... எண்பது வயசுல டாக்டர் பட்டம் எதுக்கு? பயோடேட்டாவுல போடவா? கேம்பஸ் இன்டர்வியூவுக்கா? ஒண்ணும் இல்லை. தெரிஞ்சுக்கணும்... அவ்வளவுதான்.

இங்கேதான் எனக்குச் சுருக்னு குத்துச்சு. என்.எஸ்.எஸ். கேம்ப்னு சொன்னா, 'டிகிரி முடிக்கட்டும், செட்டில் ஆகட்டும், அப்புறம் ஊருக்கு நல்லது பண்ணலாம்'கிறோம். ஒரு அரியர் விழுந்தா, 'இனி எங்கே படிக்கிறது'னு புலம்புறோம். சரோஜினி அம்மா ரெண்டையும் தலைகீழா மாத்திட்டாங்க. சேவை செய்ய சர்டிஃபிகேட் வரட்டும்னு காத்திருக்கலை. படிக்கிறதுக்கு வயசு போச்சேன்னு கவலைப்படலை.

2009-ல் பத்மபூஷண். 2013 அக்டோபர் 17-ல் 92 வயசுல கண்ணை மூடினாங்க.

அடுத்த தடவை நசரத்பேட்டையைத் தாண்டும்போது ஒரு நிமிஷம் தூக்கத்தை விட்டுட்டு இவங்களை நினைச்சுக்கங்க. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் இன்னொரு வேலையும் இருக்கு. அம்பத்தூரோ, ஆவடியோ, உங்க வீட்டுலயும் ஒரு பாட்டி இருப்பாங்க. பக்கத்து வீட்டுப் பிரசவத்துக்கு ராத்திரியில ஓடினவங்க, தெருவுல யார் பசின்னு வந்தாலும் சோறு போட்டவங்க. அவங்களுக்கு பத்ம விருது எதுவும் வந்திருக்காது. பக்கத்துல உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "பாட்டி, நீ எத்தனாவதோட படிப்பை நிறுத்தின? ஏன்?"

பதிலை முழுசா கேளுங்க. செல்போனைக் கீழே வெச்சுட்டு!